நொடிக்குப் பதினெட்டுப் படங்கள்

2013 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. போர்ட் பிளேர், டெய்ரி ஃபார்ம். அங்குள்ள விளையாட்டுக் கூடம் ஒன்றில் நான்காம் எண் கம்ப்யூட்டர், கார் பந்தய விளையாட்டில் நொடிக்குப் பதினெட்டுப் படங்கள் காட்டியது. அதற்கு முந்தைய வாரம், பழைய ப்ராசஸர் இருந்தபோது, அதே கம்ப்யூட்டர் முப்பத்தெட்டுப் படங்கள் காட்டியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, மதியம் ஒரு மணிக்கு அபர்தீன் பஜாரில் மீன்வலைக் கடையின் மாடிப்படி ஏறி வந்தாள் புஷ்பா. மேலே பானுமதியின் விசாரணை அலுவலகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மழை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. கப்பலில் காணாமல் போகும் பெட்டிகளைத் தேடித் தருவதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும் வேலை. பத்து வருஷம் தீவுக்குத் தீவு ஓடும் படகில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்த ஆட்டோவோடு உதவியாளராக இருந்த மணியன், வாளியைக் கொட்டிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தான்.

“நான் திருடிட்டேனாம் மேடம்” என்றாள் புஷ்பா.

“என்னத்தை?”

“ப்ராசஸரை.”

“அது எவ்வளவு பெருசு?” என்று கேட்டான் மணியன்.

“தீப்பெட்டி அளவு இருக்குங்க.”

“போச்சு. போன மாசம் ஒரு ஃப்ரிட்ஜையே நாங்க பதினஞ்சு நாள் தேடினோம்.”

“கண்டுபிடிச்சோம்ல?” என்றாள் பானுமதி, நிமிராமல்.

“கண்டுபிடிச்சோம் மேடம். உள்ளே ஒரு கோழி முட்டை போட்டிருந்துச்சு.”

புஷ்பா சிரிக்கவில்லை. அவள் அன்பழகனின் கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். டெய்ரி ஃபார்மில் விளையாட்டுக் கூடம் வைத்திருக்கும் கோவிந்தராஜ், சென்னையிலிருந்து உறவுக்காரர் ஒருவர் விமானத்தில் கையோடு கொண்டுவந்த புதிய ப்ராசஸரையும் மதர்போர்டையும் கொடுத்து, நான்காம் எண் பெட்டியில் மாட்டச் சொன்னார். கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையதே இருக்கட்டும் என்றார். மாட்டினாள். சனிக்கிழமை பெட்டி திரும்பிப் போனது. திங்கட்கிழமை கோவிந்தராஜ் கடைக்கு வந்து, புது ப்ராசஸரை அவள் எடுத்துக்கொண்டு ஏதோ செத்ததை வைத்துவிட்டாள் என்று கத்தினார்.

“கடையில சோதிச்சப்போ எவ்வளவு காட்டிச்சு?” என்று கேட்டாள் பானுமதி.

“நாப்பத்தி நாலுங்க.”

“நாப்பத்தி நாலு என்னம்மா?” என்றான் மணியன்.

“நொடிக்கு எத்தனை படம் திரையில மாறுதுன்னு கணக்குங்க. நெறைய மாறினா கார் வழுக்கிட்டு ஓடும். கொறஞ்சா நொண்டும்.”

“ப்ராசஸர் அவ்வளவு வேகம்னா, முப்பத்தெட்டு நாப்பத்தி நாலாகறதுக்கா இந்தப் பாடு?”

“அதைத்தாங்க அவர்கிட்டயும் சொன்னேன். கணக்குப் போடறது ப்ராசஸர், படம் வரையறது கார்டு. இவரு எவ்வளவு வேகமா கணக்குப் போட்டுக் குடுத்தாலும் வரையறவரு கெழவரு. அவரு வேகத்துக்குத்தான் வரும்.”

மணியனுக்குச் சட்டென்று புரிந்தது. “அச்சா! சாத்தம் படகு ஜெட்டியில லாரியை எவ்வளவு ஜல்தியா வரிசையில நிறுத்தினா என்ன, பம்பூஃபிளாட் போற ஃபெர்ரி ஒண்ணுதானே? அது போயிட்டு வந்தாத்தான் அடுத்தது.”

“அதேதாங்க.”

“ஆனா பதினெட்டுக்கு எறங்கினது ஏன்?” என்றாள் பானுமதி. “லாரி வேகமா வந்து நின்னா ஃபெர்ரி முன்னைவிட மெதுவா போகாதே.”

“அதுதான் எனக்கும் புரியலைங்க. போய்ப் பாக்கலாம்னா, அந்த ஹால்ல கால் வைக்கக் கூடாதுன்னுட்டாரு.”

சீட்டை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். சுனாமிக்கு முன்னால் அவள் குடும்பம் கச்சால் தீவில் இருந்தது. அப்பா பொன்னுத்துரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர். வீட்டோடு பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. ஒவ்வொன்றுக்கும் நகல் வாங்க நான்கு வருஷம் அலைந்தாள். இப்போது துறைமுகத்தில் கம்ப்யூட்டர் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி.

“இன்னிக்கு நாலு மணிக்குள்ள சாமான் வரலைன்னா முதலாளி போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவாராம்” என்றாள். “மத்த காகிதத்துக்கெல்லாம் டூப்ளிகேட் வாங்கிட்டேன் மேடம். இதுக்கு டூப்ளிகேட் கெடையாதுங்க.”

பானுமதி குடையை எடுத்தாள். மணியன் ஆட்டோச் சாவியை எடுத்தான்.

அன்பழகன் கெட்டவர் இல்லை, பயந்தவர். புகாரைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடாமல், கடை மேஜையின் இழுப்பறையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டும்போது கடிக்கிற பூனையைத் தூக்குவதுபோல ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்.

“கோவிந்தராஜ் பெரிய கஸ்டமர், மேடம். பொண்ணு மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா எழுதிக் குடுக்கலைன்னா என் மேலதான் எழுதிக் குடுப்பேங்கறாரு.”

“பெட்டியை யார் கொண்டு போனது?”

“ஆட்டோவுல அனுப்பினேன். வயரெல்லாம் அவரே மாட்டிக்கிட்டாரு. ‘எனக்கு வயர் மாட்டத் தெரியாதா’ன்னு ஒரே ரோஷம்.”

அதே இழுப்பறையில் ஒரு பை நிறைய மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் கிடந்தன. மணியன் ஒன்றை எடுத்து மோதிரம் போலச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தான்.

“அது ஓட்டை அடைக்கற மூடி, பாய்” என்றார் அன்பழகன். தீவில் எல்லாரும் எல்லாருக்கும் ‘பாய்’தான். “இந்த உப்புக் காத்துல பித்தளையே பச்சையாப் போகுது. கம்ப்யூட்டருக்குப் பின்னால எத்தனை ஓட்டை இருக்கோ அத்தனைக்கும் மஞ்சள் மூடி மாட்டாம எங்க கடையிலேருந்து ஒரு பெட்டி வெளியே போகாது. எல்லாம் மெயின்லேண்ட்லேருந்து வரவழைக்கறது.”

“நாலாம் நம்பர் பெட்டிக்கும் மாட்டினீங்களா?” என்று கேட்டாள் பானுமதி.

“எல்லாத்துக்கும். வயரை மாட்டற ஓட்டையில மட்டும் மூடியைக் கழட்டிக்கிட்டா போதும்.”

பானுமதி ஒரு மூடியைக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். இதில் என்ன துப்பு இருக்கிறது என்று மணியனுக்கு விளங்கவில்லை. விளங்காதபோது அவன் வாயை மூடிக்கொண்டிருப்பது வழக்கமில்லை.

“மேடம், அதுக்குப் பொருத்தமா வளையலும் கேட்டிருக்கலாம்.”

டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் ஆட்டோ மூச்சு வாங்கியது. மழை சாய்ந்து பெய்ததில் பானுமதியின் முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. புஷ்பாவைப் பின் இருக்கையில் தார்ப்பாய்க்குள் உட்கார வைத்துவிட்டு இருவரும் கூடத்துக்குள் போனார்கள்.

கோவிந்தராஜுக்கு ஐம்பது வயது. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து தீவில் இருக்கிற குடும்பம். தமிழைத் தொடங்கி ஹிந்தியில் முடிப்பார். கோபம் வந்தால் நடுவிலேயே மாறுவார். நான்கு கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. சுவரில் கையால் எழுதிய விளம்பரம்: ஞாயிற்றுக்கிழமை ஹேவ்லாக் தீவு ரிசார்ட் அணியோடு போட்டி.

“நாலாம் நம்பர்லதான் நம்ம கேப்டன் ஓட்டணும்” என்றார். “ஹேவ்லாக்வாலா வந்து இதைப் பாத்தா சிரிப்பான். புது ப்ராசஸர் போட்டிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பாருங்க, கார் ஓடுதா, தவளை தாவுதா?”

மணியன் பார்த்தான். தவளைதான்.

“அந்தப் பொண்ணு வெளியில ஆட்டோவுல இருக்கா” என்றாள் பானுமதி. “உள்ளே வந்தா ரெண்டு நிமிஷத்துல…”

“நை. அவ உள்ளே வரக் கூடாது. பஸ், அவ்வளவுதான்.”

“சரி. கேள்வியாவது உள்ளே வரலாமா?”

கோவிந்தராஜ் யோசித்தார். கேள்வி வரலாம் என்றார்.

அப்படித்தான் மணியன் அரைமணி நேரம் மழையில் ஓடினான். முதல் ஓட்டத்தில், ப்ராசஸர் நல்லதா செத்ததா என்று எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியைக் கொண்டுபோய், பதிலைக் கொண்டுவந்தான்.

“மேடம், படத்தோட அளவைக் குறைச்சுப் பாக்கச் சொல்லுது. செட்டிங்ல இருக்காம். ப்ராசஸர் செத்ததுன்னா அளவைக் குறைச்சாலும் எண் அசையாதாம். சின்னப் படம்னா வரையற வேலைதான் கொறையும், கணக்குப் போடற வேலை அப்படியேதான் இருக்கும். ப்ராசஸர் நல்லதா இருந்தா எண் குதிக்குமாம்.”

கோவிந்தராஜ் தானே மவுஸைப் பிடித்து அளவைக் குறைத்தார். படம் மங்கலானது. மூலையிலிருந்த எண் பதினெட்டிலிருந்து முப்பதுக்குப் போய், முப்பத்தைந்தைத் தாண்டி, நாற்பத்தொன்றில் நின்றது. தவளை மறுபடி கார் ஆனது.

“குதிச்சாச்சு!” என்றான் மணியன். “ப்ராசஸர் உங்களோடதுதான், பாய். ஒரிஜினல். கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லுங்க.”

கோவிந்தராஜ் எண்ணையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“ப்ராசஸர் நல்லா இருக்கு. டீக் ஹை. வரையறதுதான் நொண்டுது. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“வரையறது என் கார்டு. என் கார்டு பழசுதான், ஆனா முப்பத்தெட்டு வரைஞ்ச கார்டு. இப்ப பதினெட்டு வரையுதுன்னா அது என் கார்டே இல்லை. அரே, அவ எடுத்தது கார்டை!”

மணியன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு திருட்டிலிருந்து பெண்ணை இறக்கிவிட்டு இன்னொன்றில் ஏற்றிவிட்டோம். அதுவும் டீ கேட்டு ஏற்றியிருக்கிறோம். மணி இரண்டே முக்கால். கோவிந்தராஜ் அதற்குள் போனை எடுத்து, ‘ப்ராசஸர்’ என்று இருக்கும் இடத்தில் ‘கார்டு’ என்று மாற்றித் தட்டச்சு செய்யும்படி அன்பழகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பானுமதி பதற்றப்படவில்லை. “முந்தானை சொட்டுது” என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பின்னால் போனாள். அங்கே சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் இருந்தது. “எல்லாத்துலயும் விளையாட்டை ஓட விடுங்க. சூடான காத்துல காஞ்சுடும்.”

“இது விளையாட்டுக் கூடம் மேடம், இஸ்திரிக் கடை இல்லை” என்றான் மணியன், வாடிய குரலில். ஆனாலும் போய் நான்கிலும் ஓட விட்டான்.

ஒன்றாம் எண்ணுக்குப் பின்னால் முந்தானையை விரித்துப் பிடித்தாள். இரண்டு நிமிஷம். இரண்டாம் எண், மூன்றாம் எண். அங்கெல்லாம் துணியிலிருந்து லேசாக ஆவி கிளம்பியது. நான்காம் எண்ணுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் நின்றாள். ஈரம் ஈரமாகவே இருந்தது.

“மணியன், புஷ்பாகிட்ட கேட்டுட்டு வாங்க. படம் வரையும்போது கார்டு சூடாகுமா?”

இரண்டாவது ஓட்டம். மணியன் சட்டையைப் பிழிந்துகொண்டே திரும்பினான். “தோசைக்கல்லு மாதிரி சூடாகுமாம். பழைய கார்டுன்னா அதைவிட மோசமாம். நீங்க தோசை கேக்கப் போறீங்களோன்னு பயந்துடுச்சு.”

“நாலாம் நம்பர் கார்டு சில்லுனு இருக்கு.”

“அப்ப செத்த கார்டா?”

“உழைச்சுச் செத்தவன் உடம்புலகூடக் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். இது வேலைக்கே போகலை.”

கோவிந்தராஜ் போனை வைத்துவிட்டு வந்தார். பானுமதியின் முகம் மாறியது. திடீரென்று கண்காட்சிக்கு வந்தவள் போல மூன்றாம் எண் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இந்த ஓட்டையெல்லாம் யார் அடைச்சது? ரொம்ப அழகா இருக்கே.”

மூன்றாம் எண்ணில் வயர் மாட்டாத ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் துண்டு. ஓரத்தில் கிரீஸ். மேலே தூண்டில் நரம்பால் ஒரு முடிச்சு.

கோவிந்தராஜின் மீசை சற்று மேலே ஏறியது. “நான்தான். வேற யாரு? கடைக்காரன் குடுக்கற மஞ்சள் மூடி எல்லாம் பக்வாஸ். ஆறு மாசத்துல உப்பு உள்ளே போயிடும். நான் மாட்டினா பத்து வருஷம்.”

“இந்த முடிச்சு?”

“எங்க அப்பா தோணி கட்டற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.”

“வேற யாருக்காவது போடத் தெரியுமா?”

“போர்ட் பிளேர்லயே தெரியாது! டெய்ரி ஃபார்ம்ல எவனையாவது போடச் சொல்லுங்க, நான் கடையை மூடிடறேன்.”

“அந்தப் பொண்ணுக்கு?”

“அவளுக்கா!” என்று சிரித்தார்.

“ரெண்டாம் நம்பர்லயும் உங்க கைதானா?”

“என் கை.”

“ஒண்ணாம் நம்பர்?”

“சந்தேகமே வேண்டாம். என் கை, என் கிரீஸ்.”

“இது?” என்றாள் பானுமதி.

அவள் காட்டியது நான்காம் எண்ணின் பின்பக்கம். கோவிந்தராஜ் பெருமையோடு குனிந்தார். “அதுவும் என்…” என்று தொடங்கி, குனிந்தபடியே நின்றார்.

பெட்டியின் கீழ்ப்பாதியில் பழைய கிராபிக்ஸ் கார்டின் முனை தெரிந்தது. அதில் திரையின் நீல வயர் மாட்ட வேண்டிய ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையில் சைக்கிள் ட்யூப், கிரீஸ், தோணி முடிச்சு. நீல வயர் மேலே, புது மதர்போர்டில் பளபளவென்று இருந்த அதே மாதிரியான இன்னோர் ஓட்டையில் மாட்டியிருந்தது.

மணியனும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

“பாய், திருடனைப் பத்திரமா கட்டிப் போட்டிருக்கீங்க. இழுக்க இழுக்க இறுகும்னு வேற சொன்னீங்க.”

“பழைய போர்டுல மேலே இந்த ஓட்டை இல்லையே” என்றார் கோவிந்தராஜ். குரல் பாதியாகியிருந்தது. “புதுசுல இருந்துச்சு. கீழே இருக்கறது துரு ஏறிக் கெடந்துச்சு. எதுக்கு அதைப் போட்டுத் தேய்க்கணும், புதுசு பளிச்சுனு இருக்கேன்னு… பழசைக் காப்பாத்தலாம்னு மஞ்சள் மூடியைக் கழட்டிட்டு என் மூடியைப் போட்டேன்.”

பானுமதி கைப்பையிலிருந்த மஞ்சள் மூடியை எடுத்து மேஜையில் வைத்தாள். “கடைக்காரங்க மூடியிருந்தா இதுல மூடியிருப்பாங்க. இது உங்க முடிச்சு. இப்பவாவது அவளை உள்ளே கூப்பிடலாமா?”

மூன்றாவது ஓட்டம். இந்த முறை மணியன் குடையோடு போனான்.

புஷ்பா பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்ததும் நெற்றியில் அறைந்துகொண்டாள். “ஐயோ, போர்டு வழியா வருதா! ப்ராசஸருக்குள்ளயே கொஞ்சம் வரையற சக்தி இருக்குங்க. கடிதம் டைப் அடிக்கப் போதும், கார் ஓட்டப் போதாது. இவ்வளவு நேரமும் கெழவரைத் தூங்க வச்சுட்டு கணக்குப்பிள்ளையே படமும் வரைஞ்சிட்டிருந்திருக்காரு.”

“கார்டு இருக்கும்போது போர்டு ஓட்டையில படமே வராதுன்னு ஒருத்தன் எனக்குச் சொன்னானே?” என்றார் கோவிந்தராஜ், கடைசியாக ஒரு கொழுகொம்பைத் தேடி.

“பொதுவா வராதுங்க. நான்தான் ரெண்டையும் திறந்து வச்சேன். பழைய கார்டு, என்னிக்காவது செத்துட்டா உங்க ஹால் இருட்டாயிடக் கூடாதேன்னு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. அது என் தப்புதாங்க.”

அவர் எதிர்பார்க்காதது அது. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். அவிழவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. கடைசியில் மணியன் மீன் வெட்டும் கத்தி ஒன்றைப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து அறுத்தான். புஷ்பா கிரீஸைத் துடைத்து, நீல வயரைக் கார்டில் மாட்டினாள். படத்தின் அளவைப் பழையபடி பெரிதாக்கினாள். எண் நாற்பத்து நான்கில் நின்றது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வரத் தொடங்கியது.

“இதுக்கு மேல?” என்றார் கோவிந்தராஜ்.

“இதுக்கு மேல புது கார்டுதாங்க வாங்கணும்.”

“அரே, அன்பழகன்!” என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போனில் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டார். மழை நாளில் டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் சிக்னல் போவது புதிதில்லை. மணி மூன்று முப்பத்தைந்து.

“ஆட்டோவுல ஏறுங்க பாய்” என்றான் மணியன். “உங்க வாயாலதான் சொல்லணும். நாங்க சொன்னா அவரு நம்புவாரு, ஆனா பயப்படுவாரு.”

மூன்று பேர் உட்கார வேண்டிய இருக்கையில் கோவிந்தராஜ் ஒருவரே முக்கால் இடம் பிடித்தார். புஷ்பா ஒரு ஓரம், பானுமதி மறு ஓரம். இறக்கத்தில் ஒரு சரக்கு லாரி குறுக்கே நின்றிருந்தது. அதன் டிரைவரை மணியன் தமிழ், ஹிந்தி, பெங்காலி மூன்றிலும் விசாரித்தான். லாரி நகர்ந்தது.

அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பத்தாறு. அன்பழகன் கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்” என்றார் கோவிந்தராஜ்.

“ப்ராசஸர் வேண்டாமா, கார்டு வேண்டாமா?” என்றார் அன்பழகன் குழம்பி. “ரெண்டு தடவை டைப் பண்ணிட்டேன்.”

“ரெண்டும் என்கிட்டதான் இருக்கு. தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லை.” இதைத் தமிழில் தொடங்கித் தமிழிலேயே முடித்தார்.

பானுமதி உறையைக் கேட்டு வாங்கி, கோவிந்தராஜின் கையாலேயே கிழிக்கச் சொன்னாள். அவர் கிழித்தார். பிறகு அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிப் புஷ்பாவிடம் கொடுத்தாள். புஷ்பா அதை இரண்டு தடவை படித்தாள். அன்பழகனிடம் ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த போட்டியில் ஹேவ்லாக் அணி வென்றது. புஷ்பாவின் நன்னடத்தைச் சான்று ஜூன் 21 அன்று வந்தது. ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை, அவள் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.